கழிமுகத்துச் சமையலும் கப்பலில் வந்த சமையலும்

தமிழ்நாட்டுச் சமையலை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து எழுதுகிறவர்கள் செட்டிநாட்டை விடுவதில்லை. கொங்கு வரும், நாஞ்சில் நாடு வரும், ஆம்பூர் பிரியாணியும் மதுரைக் கறிதோசையும் வரும். சென்னை என்றால் மட்டும் மயிலாப்பூர் டிபனையும் சைதாப்பேட்டை வடகறியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே வடக்கே போகும் நீண்ட கரைக்குப் பெரும்பாலும் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. அங்கே துறைமுகமும் தொழிற்சாலையும் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே தனக்கென்று ருசியும் வரலாறும் உள்ள ஒரு சமையல் இருக்கிறது என்பது ஏனோ யார் கண்ணிலும் படுவதில்லை.

எர்ணாவூரை எடுத்துக்கொள்வோம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் மணலி, கொஞ்சம் வடக்கே நடந்தால் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். இந்தச் சின்ன நிலத்துக்குள் கடலுக்குப் போகும் எர்ணாவூர்க் குப்பம் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய பர்மா நகர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த சுனாமி குடியிருப்பு இருக்கிறது. 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆலை அமைத்த அசோக் மோட்டார்ஸ், அதாவது இன்றைய அசோக் லேலண்ட், திருவொற்றியூரின் தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகள் ஆகியவற்றுக்கு ஷிஃப்ட் வேலைக்கு வந்து தங்கிவிட்ட வெளியூர்க் குடும்பங்களும் இருக்கின்றன.

இவர்கள் சமையலுக்கு இரண்டு பிறப்பிடங்கள். ஒன்று பக்கத்துத் தண்ணீர், இன்னொன்று கப்பல். கப்பலில் வந்தது இன்று நகரம் முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் பிறந்தது வீட்டுக்கு வீடு மறைந்துகொண்டிருக்கிறது. இப்படி ஏன் ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் கப்பலில் வந்தது. ஐராவதி டெல்டாவில் நெல் விளைச்சல் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து தமிழர்கள் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கடன் கொடுக்கப் போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் போனவர்கள் வயலிலும் அரிசி ஆலையிலும் ரங்கூன் துறைமுகத்திலும் கூலிக்கு உழைத்தவர்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனில் வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு வீசியபோது பல லட்சம் பேர் காடு மலை கடந்து நடந்தே வெளியேறினார்கள். போர் முடிந்ததும் திரும்பிப் போய் வாழ்க்கையை மறுபடி கட்டியவர்களும் உண்டு. 1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளும் கிடங்குகளும் அரசுடைமை ஆயின, பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேற வேண்டிவந்தது. சேர்த்த பணத்தையும் நகையையும் கொண்டுவர விடவில்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் இன்னும் பல ஊர்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி 1969இல் பர்மா பஜார் உருவானது. தாயகம் திரும்பியவர்களுக்கு உதவ ரெப்கோ வங்கி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களிடமிருந்து எந்த அதிகாரியும் பறிக்க முடியாமல் போனது சமையல். அத்தோ, பேஜோ, மொய்ங்கா, கவ்சே என்ற பெயர்கள் வடசென்னைக்காரர்களுக்கு இட்லி, வடை போலப் பழகியவை. சாயங்காலம் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் அத்தோ ஒரு கைவேலை என்பது புரியும். ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்து எண்ணெய் தடவிய கோதுமை நூடுல்ஸ் தட்டில் குவிந்திருக்கும். கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளி அகலமான கிண்ணத்தில் போடுவார். மெல்லிசாகச் சீவிய பச்சை முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், கடலை மாவு, உப்பு, கொத்தமல்லி, அரை எலுமிச்சை. கடைசியில் மொறுமொறுப்பான பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் விரலாலேயே பிசறுவார். கரண்டி போட்டால் நூடுல்ஸ் அறுந்துவிடும், புளியும் எண்ணெயும் ஒவ்வொரு இழையிலும் ஏறாது. பக்கத்தில் அடுப்பில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். மிளகும் பூண்டும் தூக்கலாக இருக்கும் அந்தச் சூப்பைக் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். வேகவைத்த முட்டையை நடுவில் கீறி, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் மிளகாய்த்தூளும் திணித்துக் கொடுப்பதும் உண்டு. அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பர்மாவில் இந்தக் கலவையில் மீன் சாறும் உலர்ந்த இறால் பொடியும் சேரும். மொய்ங்கா அங்கே கெளுத்தி மீனைக் கரைத்த, எலுமிச்சைப்புல் வாசம் அடிக்கும் காலைச் சாப்பாடு. சென்னைத் தள்ளுவண்டிக்கு வந்தபோது மீன் சாறு கழன்றுகொண்டது, சூப்பிலிருந்து மீனும் பெரும்பாலும் போய்விட்டது, காலைச் சாப்பாடு மாலைத் தீனி ஆனது. பாரிமுனைக்கு வேலைக்கு வந்துபோன பல தரப்பட்ட வாடிக்கையாளர்களுக்கும் பிடிக்க வேண்டும் என்பதால் இது நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்று எர்ணாவூரில் கிடைக்கும் அத்தோவை ரங்கூன்காரர் ஒருவர் தம் ஊர்ப் பண்டம் என்று ஒத்துக்கொள்ளத் தயங்கலாம். அது வடசென்னைப் பண்டம். அறுபது ஆண்டுகளாக இந்த மண்ணில், இந்த மக்களின் கையில் உருமாறிய ஒன்றை இன்னும் ‘பர்மா உணவு’ என்று வெளிநாட்டுக் கணக்கில் எழுதுவது தவறு.

 

அத்தோ பிழைத்ததற்குக் காரணம் அதன் ருசி மட்டும் இல்லை. அதற்கு வேண்டியது எல்லாம் சந்தையில் கிடைக்கிறது. நூடுல்ஸைச் சின்னப் பட்டறையில் பிழியலாம். முட்டைகோஸும் வெங்காயமும் கோயம்பேட்டில் வாங்கலாம். வாழைத்தண்டு, புளி, பூண்டு எதற்கும் குறைவில்லை. ஐராவதி ஆறு வற்றினாலும் எர்ணாவூர் அத்தோவுக்கு ஒன்றும் ஆகாது. பிறந்த நிலத்தோடு அதற்கு இருந்த கயிறு எப்போதோ அறுந்துவிட்டது. அதனாலேயே அது எங்கே வேண்டுமானாலும் வேர் பிடிக்கிறது. குப்பத்துச் சமையலுக்கு அந்த வசதி கிடையாது.

இந்த வேறுபாட்டை உலகில் வேறு எங்காவது தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் கனடாவைப் பார்க்கலாம். ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் நாடு என்பதால் நமக்கு அது அவ்வளவு தூரமும் இல்லை. கனடியச் சமையல் என்று ஒற்றைச் சமையல் இல்லை, வட்டாரங்கள்தான் உண்டு. கியூபெக்கில் பிரெஞ்சு வம்சாவளியினரின் கறிப் பணியாரமான டூர்ட்டியேர், 1950களில் அங்கே கிராமப்புறத்தில் தோன்றிய பூட்டின், அட்லாண்டிக் கரையில் உப்புக்கண்ட மீன், நடுவே பிரெய்ரி என்னும் புல்வெளிப் பிரதேசம்.

அந்தப் புல்வெளியின் பழைய சாப்பாடு பெமிக்கன். காட்டெருமைக் கறியைக் கீற்றாக வெட்டி உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பை ஊற்றி, சில சமயம் சாஸ்கட்டூன் பழத்தையும் சேர்த்துத் தோல் மூட்டையில் கட்டுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. பூர்வகுடிகளும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினரான மேத்தி மக்களும் செய்த இந்தப் பண்டத்தை நம்பித்தான் மென்மயிர்த் தோல் வணிகப் படகுகள் உள்நாட்டுக்குள் போய்வந்தன. 1814இல் ஓர் ஆளுநர் பெமிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று தடை போட, அது சண்டையில் போய் முடிந்தது. கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் 1880களுக்குள் வேட்டையாடித் தீர்க்கப்பட்டன. எருமை போனதும் பெமிக்கனும் போனது. பட்டினியில் விழுந்த பூர்வகுடிகள் ஒதுக்கு நிலங்களுக்குத் தள்ளப்பட்டு, அரசு அளந்து கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள்.

அதே புல்வெளிக்கு 1891 முதல் உக்ரைனிய உழவர்கள் வந்து இறங்கினார்கள். மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து மடித்து வேகவைக்கும் பெரோகியைக் கொண்டுவந்தார்கள். கோதுமையும் உருளைக்கிழங்கும் அந்த மண்ணில் நன்றாக விளைந்தன. இன்று கனடா முழுக்க எந்தக் கடையிலும் உறைய வைத்த பெரோகிப் பொட்டலம் கிடைக்கிறது. வந்தவர்களின் பண்டம் நிலைத்ததில் தவறு ஒன்றும் இல்லை, அது உழைத்து வாங்கிய இடம். ஆனால் இருந்தவர்களின் பண்டம் ருசி குறைந்து வழக்கொழியவில்லை. அதன் மூலப்பொருளை அழித்தார்கள். பழக்கம் மாறி ஓர் உணவு மறைவது வேறு, அழிவினால் மறைவது வேறு.

எர்ணாவூருக்கு வடக்கே நடந்துகொண்டிருப்பது இரண்டாவது வகை.

எண்ணூர்க் கழிமுகம் ஆறும் கடலும் கலக்கும் உப்பங்கழி. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்கள் இந்தக் கழியை நம்பிப் பிழைப்பவை. இறால் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் கழிக்குள் வந்து அலையாத்தி வேர்களுக்கு இடையிலும் சேற்றிலும் வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவையும் அப்படித்தான். இந்தத் தொட்டில் இருக்கும்வரை பக்கத்துக் கடலிலும் மீன் இருக்கும். வலை வாங்க முடியாத ஏழைக்கும் கழி சோறு போட்டது. இருளர்களும் வேறு ஏழைக் குடும்பங்களும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். விரல் நுனிக்கு இறால் தட்டுப்படும் நொடியில் அமுக்க வேண்டும். அதற்குச் சேறு மென்மையாக இருக்க வேண்டும்.

அந்த எறாவைக் கத்திரிக்காயோடோ முருங்கைக்காயோடோ சேர்த்துக் கூட்டுவார்கள். மடவை வந்தால் குழம்பு. வடசென்னைக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றும் வழக்கம் குறைவு. தென்கோடிக் கடற்கரைக் குழம்புக்கும் இதற்கும் முதல் வேறுபாடே இங்கேதான். புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாயும் மல்லியும் சேர்த்து அரைத்த தூளைப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கிய எண்ணெயில் ஊற்றிச் சுண்டவிடுவார்கள். சீசனில் புளிப்பு மாங்காய் விழும். பச்சை வாடை போய் எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன் உள்ளே போகும். போட்ட பிறகு கரண்டி படாது. சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும்போதுதான் அதன் முழு ருசி தெரியும். கடலிலிருந்து வரும் காரப்பொடி, நெத்திலி, பிள்ளை பெற்றவளுக்கு என்று தேடி வாங்கும் பால்சுறாவின் புட்டு, சேற்று நண்டின் காரக் குழம்பு, மீன் இல்லாத நாளுக்கு மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு என்று வரிசை நீளும். இவற்றுக்கான மீன் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியது அல்ல. விற்றது போக வீட்டுக்கு எடுத்துவைத்தது.

இப்போது அந்தக் கழியைப் பாருங்கள். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. அது 2017இல் மூடப்பட்டது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. அதன் சாம்பலைக் குழம்பாக்கிக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து உடைந்து கழியில் சாம்பல் படிந்தது. சுடுதண்ணீரும் அதே தண்ணீரில்தான் விடப்பட்டது. ஆழம் குறைந்தது, கைக்கு மென்மையாக இருந்த சேறு சாம்பல் கட்டியானது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. தெற்கே எர்ணாவூர்க் கரையைக் கடல் தின்றது, தடுக்கப் பாறாங்கல் கொட்டினார்கள். மணல் இருந்தால்தான் கரைவலை இழுக்க முடியும், கருவாடு உலர்த்த முடியும். பாறையில் இரண்டும் நடக்காது.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெய் வந்து அதிகமாக ஒதுங்கியது எர்ணாவூர்க் கரையில். கறுப்புக் கூழை வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் துப்புரவுப் பணியாளர்களும் பாறை பாறையாகத் துடைத்தார்கள். அந்த மாதத்தில்தான் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் பொறம்போக்குப் பாடல் வெளியாகி எண்ணூர்க் கழியின் கதையைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோயிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் இறங்கியது. நீர்ப்பறவைகள் எண்ணெய் பூசி நின்ற படங்களை நாடே பார்த்தது. மடவை சேற்றையும் அதில் மட்கியதையும் தின்று வளரும் மீன். சேற்றில் எது படிந்தாலும் அதன் வயிற்றுக்குப் போகும். எண்ணெய் வாடை அடிக்கும் என்று கழி மீனை வாங்க ஆள் இல்லாமல் போனது. விற்க முடியாதது ஒரு நஷ்டம் என்றால், பிடித்தவர்களே தங்கள் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடப் பயந்தது அதைவிடப் பெரிய நஷ்டம்.

கப்பல் கொண்டுவந்த இன்னொன்றும் கழியை மூடிக்கொண்டிருக்கிறது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம், சமநிலைக்காகக் கப்பல்கள் ஏற்றி இறக்கும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. கழியின் தரை முழுவதும் கம்பளம் விரித்ததுபோல் படர்ந்துவிடுகிறது. இறால் புதைய இடம் இல்லை. கை வைத்தால் கீறுகிறது. பழவேற்காடு வரைக்கும் போய்விட்டது.

மீன் போனால் சட்டியை என்ன செய்வது என்ற கேள்வியோடு மறுபடி கனடாவுக்குப் போவோம். அதன் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்ற தீவு இருக்கிறது. காட் மீன் அதற்குச் சோறு. உப்பிட்டு உலர்த்திய காட் மீனையும் கல் போன்ற ரொட்டியையும் இரவு முழுக்க ஊறவைத்து வேகவைத்து, வறுத்த உப்புப் பன்றிக் கொழுப்பை மேலே போட்டுச் சாப்பிடுவார்கள். நம் கருவாட்டுக் குழம்புக்காரர்களுக்கு அந்த ருசி எட்டாத ஒன்றல்ல. பெரிய இழுவைக் கப்பல்கள் வரைமுறை இல்லாமல் அள்ளியதில் மீன் வற்றி, 1992 ஜூலை 2 அன்று காட் பிடிக்கத் தடை வந்தது. ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள். வணிக மீன்பிடிப்புக்கான அந்தத் தடை விலக 32 ஆண்டுகள் ஆயின. 2024இல் 18,000 டன் என்ற அளவோடு திறந்தார்கள்.

அந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வணிகத் தடை நீடித்த காலத்திலேயே, ஆண்டில் சில வாரங்கள், ஒருவர் நாளொன்றுக்கு 5 மீன் என்ற கணக்கில், வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிடித்துக்கொள்ள அங்கே அனுமதி வந்தது. விற்பனைக்கான மீனைத் தவிர, சட்டிக்கான மீன் என்று தனியே ஒன்று இருக்கிறது என்று ஓர் அரசு ஒத்துக்கொண்டது. கொஞ்சம் மீன்தான், என்றாலும் தாய் செய்த குழம்பைப் பிள்ளை கற்றுக்கொள்ள அது போதும்.

எண்ணூரில் நம் கணக்கு எப்படி இருந்தது? 2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணத்தில் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். உதவி உதவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் படகு இருக்கிறது, வருமானம் இழந்த குடும்பம் இருக்கிறது, சட்டி இல்லை. காசு கொடுக்காமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மீன் நின்றுபோனால், அந்த வீட்டில் குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரேஷன் அரிசியும் பாக்கெட் நூடுல்ஸும் முட்டையும் அந்த இடத்துக்கு வருகின்றன. புல்வெளிப் பூர்வகுடிகளுக்கு அளந்து கொடுத்த மாவு என் நினைவுக்கு வருவது அதனால்தான்.

அத்தோவுக்கு என் வாழ்த்து. நாடு இழந்து வந்தவர்கள் தள்ளுவண்டியில் வளர்த்த அந்தப் பண்டத்துக்கு வடசென்னை இடம் கொடுத்தது இந்த ஊரின் பெருமை. கழியின் மீனுக்கும் அதே ஊரில் இடம் இருக்க வேண்டும். அதற்கு உணவுத் திருவிழாவில் ஒரு கடை போடுவது பயன்படாது. சாம்பலை வாரி எடுக்க வேண்டும், குழாய்களை மாற்ற வேண்டும், காக்கா ஆழியை அகற்ற மீனவர்களுக்கே கூலி கொடுத்து வேலை தர வேண்டும். எண்ணூரில் இனி எந்தத் திட்டத்துக்கு ஆய்வறிக்கை எழுதினாலும், எந்தக் கசிவுக்கு இழப்பீடு கணக்கிட்டாலும், எத்தனை வீடுகள் எத்தனை நாள் கழி மீனைச் சமைத்தன, இப்போது எத்தனை நாள் சமைக்கின்றன என்ற கேள்வியை முதல் பக்கத்தில் வைக்கும்படி அரசையும் தீர்ப்பாயங்களையும் கேட்டுக்கொள்கிறேன். பதிலைச் சொல்ல காட்டுக்குப்பத்திலும் எர்ணாவூர்க் குப்பத்திலும் சமைத்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே போய்க் கேட்க வேண்டும்.